மண் தேடிய பெட்டி

செத்துப் பிறந்த குழந்தைக்குத் தச்சரிடம் சொல்லிப் பெட்டி செய்ய நேரம் இருக்காது. வீட்டில் என்ன பலகை கிடக்கிறதோ அதை அறுத்து, மூலைக்கு மூலை ஆணி அடித்து, அப்பாவோ சித்தப்பாவோ பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவார்கள். பலகைக்கும் வழியில்லாத வீட்டில் ஒரு துணி. பெட்டி தயாரான பிறகும் உடனே புறப்பட முடியாது. இருட்ட வேண்டும். இருட்டியதும் ஒருவர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார், இன்னொருவர் மண்வெட்டியை எடுத்துக்கொள்வார். சாமியார் வரமாட்டார், கோயில் மணி அடிக்காது. பெற்றவள் படுக்கையில் கிடப்பாள். பிள்ளையை எங்கே வைத்தார்கள் என்பது பல தாய்மார்களுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று.

அயர்லாந்தின் மேற்குப் பக்கம், மேயோ, கால்வே, கெர்ரி மாவட்டங்களில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இதுதான் வழக்கம். பங்குக் கோயிலை ஒட்டி மந்திரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டம் இருக்கும். தாத்தாவும் பாட்டியும் அங்கேதான் கிடப்பார்கள். பெட்டி அந்தச் சுவரைத் தாண்டிப் போகும். ஊர் எல்லை, கடலோர மணல்மேடு, பழைய வட்டக்கோட்டையின் உள்புறம், கூரை விழுந்த பழங்காலக் கோயில், இப்படி ஓர் இடத்தில் குழி வெட்டி இறக்கி, தலைமாட்டில் ஒரு கல்லும் கால்மாட்டில் ஒரு கல்லும் நடுவார்கள். சில இடங்களில் மேலே வெள்ளைக் கூழாங்கற்களைப் பரப்புவார்கள். பெயர் எழுதுவதில்லை. இந்த இடங்களுக்குக் கில்லீன் என்று பெயர். அயர்லாந்து முழுக்க 1,400-க்கும் மேற்பட்ட கில்லீன்கள் பதிவாகியிருக்கின்றன. கரையில் ஒதுங்கிய அடையாளம் தெரியாத மாலுமிகளையும் தற்கொலை செய்துகொண்டவர்களையும் அங்கேதான் புதைத்தார்கள். ஊர் தன் கல்லறையில் சேர்க்காத எல்லாருக்கும் அது ஒன்றே இடம்.

ஒரு மூச்சுகூட விடாத பிள்ளை என்ன குற்றம் செய்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் பெட்டியின் பயணம் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் பின்னால் போகிறது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக இருந்த புனித அகுஸ்தினார், ஆதாமின் பாவம் எல்லா மனிதரையும் பிறவியிலேயே பற்றுகிறது, திருமுழுக்கின் தண்ணீர் ஒன்றே அதைக் கழுவும் என்று அழுத்திச் சொன்னார். அப்படியானால் தண்ணீர் படாமல் இறக்கும் குழந்தை? அதற்கும் தண்டனை உண்டு, ஆனால் எல்லாத் தண்டனைகளிலும் மிக லேசானது என்றார் அவர். அந்த லேசான தண்டனையையும் பின்னால் வந்தவர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் காலத்துக்குள் லிம்போ என்ற இடம் இறையியலில் நிலைபெற்றுவிட்டது. அங்கே வேதனை இல்லை, இயல்பான மகிழ்ச்சி உண்டு, ஆனால் கடவுளின் திருமுகம் பார்க்கக் கிடைக்காது. லிம்போவைத் திருச்சபை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை. ஆனால் கோட்பாடு ஆகாத அந்தக் கருத்துதான் ஊர் ஊராகக் கல்லறைச் சுவர்களை உயர்த்தியது. விண்ணில் இடம் கிடையாது என்றால் மந்திரித்த மண்ணிலும் இடம் கிடையாது என்று கணக்குப் போட்டார்கள்.

இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. 1662-இல் வெளிவந்த ஆங்கிலிக்கன் பொது வழிபாட்டுப் புத்தகத்தின் அடக்க ஆராதனைப் பகுதி ஒரு விதியோடுதான் தொடங்குகிறது. திருமுழுக்குப் பெறாதவர், சபைக்குப் புறம்பாக்கப்பட்டவர், தற்கொலை செய்தவர் ஆகியோருக்கு இந்த ஆராதனையை நடத்தக்கூடாது என்பது அந்த விதி. கையகல உடம்பு ஒன்று, மனமறிந்து பிழை செய்தவர்களோடு ஒரே வரியில் நிறுத்தப்பட்டது.

பெற்றவர்கள் இதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. சட்டம் பெட்டியை வெளியே தள்ளத் தள்ள, அவர்கள் அதைக் கோயிலை நோக்கி நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் ராண்ட்ஸ் என்ற ஊரில் பத்து, பதினோராம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டம் ஒன்றைத் தோண்டியபோது, பச்சைக் குழந்தைகளின் எலும்புகள் கோயில் சுவரை ஒட்டி நெருக்கமாகக் கிடந்தன. கூரை விளிம்புக்கு நேர் கீழே. கோயில் கூரையைத் தொட்டு இறங்கும் மழைத்தண்ணீர் அந்தப் பிள்ளைகள்மேல் சொட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதியில் ஓபர்பியூரன் என்று ஓர் ஊர். பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே இருந்த மாதா கோயிலுக்குத் தொலைதூரங்களிலிருந்தும் செத்துப் பிறந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 1486-இல் கான்ஸ்டன்ஸ் மறைமாவட்ட ஆயர் ஓட்டோ ரோமாபுரிக்கு எழுதிய புகார்க் கடிதத்தில் அங்கே நடந்தது விவரமாக இருக்கிறது. பெண்கள் குழந்தையின் உடம்பை எரியும் கரிக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் நடுவே வைத்துச் சூடேற்றுவார்கள். உதட்டின்மேல் ஓர் இறகை வைப்பார்கள். வெக்கையில் இறகு அசையும். உடனே, பிள்ளைக்கு மூச்சு வந்துவிட்டது என்று கத்தி, தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுத்து, மந்திரித்த மண்ணில் அடக்கம் செய்துவிடுவார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இப்படி நடந்திருக்கிறது என்று ஆயர் கொதித்தார். மூடநம்பிக்கை என்றார். 1528-இல் பெர்ன் நகரம் சீர்திருத்த சபையைத் தழுவியதும் அந்தத் திருத்தலம் மூடப்பட்டது. 1990-களில் அந்த இடத்தைத் தோண்டியவர்கள் சுமார் 250 சிசுக்களின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். பல குறைமாதப் பிள்ளைகள்.

ஆயரின் கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த இறகைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்த பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் மலைப்பாதையில் நாள்கணக்கில் நடந்து வந்தவள். இறகு அசைய வேண்டும் என்பது அவள் வேண்டுதல். அது அசைந்தால் அவள் பிள்ளைக்கு மண் கிடைக்கும்.

அந்த வேண்டுதலுக்கு மதிப்பு உண்டா என்ற கேள்விதான் பெட்டியின் தலைவிதியைத் தீர்மானித்தது. பதினாறாம் நூற்றாண்டில், எதிரெதிர் முகாம்களில் நின்ற இரண்டு பேர், உண்டு என்றே சொன்னார்கள். ஒருவர் கத்தோலிக்கக் கர்தினால் கஜெத்தான். வயிற்றிலேயே ஆபத்துக்கு உள்ளான குழந்தைக்குப் பெற்றோரின் ஆசையும் அவர்கள் கேட்கும் ஆசீரும் தண்ணீருக்கு ஈடாகலாம் என்று எழுதினார். அந்தப் பகுதியை அவருடைய நூலிலிருந்து நீக்கச் சொல்லித் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் உத்தரவிட்டார். இன்னொருவர் அதே கஜெத்தான் 1518-இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் நேரில் உட்காரவைத்து விசாரித்த மார்ட்டின் லூத்தர். கருச்சிதைவானவர்களுக்கும் பிள்ளை செத்துப் பிறந்தவர்களுக்கும் ஆறுதலாக 1542-இல் அவர் ஒரு சிறு நூல் எழுதினார். பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஏங்கிய தாயின் பெருமூச்சைக் கடவுள் ஜெபமாகவே ஏற்றுக்கொள்வார், அவள் தன்னைக் குற்றவாளியாக நினைத்து மருக வேண்டாம் என்பது அதன் சாரம். லூத்தருக்கும் கஜெத்தானுக்கும் நடுவே ஐரோப்பாவே பிளந்து கிடந்த காலம் அது. இந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் சட்டம் அசையவில்லை. ஆசையை எண்ணிப் பார்ப்பதற்குப் பதிலாகத் தண்ணீரை எப்படியாவது குழந்தைவரை கொண்டுபோவதிலேயே கவனம் போயிற்று. மருத்துவச்சிகளுக்கு அவசரத் திருமுழுக்கு கற்றுக்கொடுத்தார்கள். சிசிலி நாட்டுக் குரு பிரான்செஸ்கோ கஞ்சமிலா 1745-இல் இதற்காகவே ஒரு பெரிய நூல் எழுதினார். தாய் இறந்தால் உடனே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்துத் திருமுழுக்குக் கொடுக்க வேண்டும், கலைந்து விழுந்த கருவையும் விட்டுவிடக் கூடாது என்று அவர் வலியுறுத்தினார். அவர் அப்படி வலியுறுத்தியதற்குக் காரணம், அந்தச் சின்னஞ்சிறு கருவுக்கும் ஆன்மா உண்டு என்ற உறுதி. அந்த உறுதி பெரியது. அதே உறுதி கல்லறைக் கதவையும் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. 1917-இல் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டத்தின் 1239-ஆம் விதி, திருமுழுக்குப் பெறாமல் இறந்தவருக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றது. அதே விதியின் அடுத்த பிரிவு, திருமுழுக்குக்காகத் தயாரித்துக்கொண்டிருந்து தம் தவறில்லாமல் இறந்துபோன பெரியவர்களை மட்டும் திருமுழுக்குப் பெற்றவர்களாகவே கருதச் சொன்னது. பெரியவர்களின் ஆசை கணக்கில் வந்தது. வாயில்லாத பிள்ளைக்காக ஆசைப்பட்ட பெற்றோரின் ஆசை வரவில்லை.

இந்த விதி நடைமுறையில் இருந்த ஆண்டுகளில்தான் மேயோவிலும் கெர்ரியிலும் இருட்டில் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. போன இடங்களைக் கவனித்தால் பெற்றவர்களின் மனம் தெரியும். மந்திரித்த மண் கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர் பழைய புனித இடமாகப் பார்த்துத் தேடிப் போயிருக்கிறார்கள். கெர்ரி மாவட்டத்து டிங்கிள் தீபகற்பத்தில் ரியாஸ்க் என்ற இடத்தில் ஆதிகாலத் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. சிலுவை செதுக்கிய கல்தூண் இன்றும் அங்கே நிற்கிறது. 1970-களில் அதை அகழ்ந்தபோது, மடம் கைவிடப்பட்ட பின் நெடுங்காலம் அது குழந்தைகளைப் புதைக்கும் இடமாக இருந்தது தெரிந்தது. அன்றைய கோயில் கைவிட்ட பிள்ளையை என்றோ செத்துப்போன முனிவர்களின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள்.

மேயோவில் பாலினா நகருக்குப் பக்கத்தில் டோனிபான் என்ற இடத்தில் 2003-இல் சாலை விரிவாக்கத்துக்காக ஒரு கில்லீனைத் தோண்டினார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன, பெரும்பாலோர் சிசுக்கள். மக்கிப்போன பலகைகளின் தடம் மண்ணில் இருந்தது, அடித்த ஆணிகள் துருவேறிக் கிடந்தன. இத்தகைய கில்லீன்களை ஆராய்ந்த தொல்லியலாளர் ஐலீன் மர்பி ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். கில்லீன்கள் பிள்ளைகளை அலட்சியமாகத் தூக்கியெறிந்த இடங்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கலாம், ஆனால் குழிக்குள் இருப்பவை வேறு கதை சொல்கின்றன. கோடித் துணியைச் சேர்த்துக் குத்திய ஊசி இருக்கிறது. பெட்டி இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் கிறிஸ்தவர்களைக் கிடத்துவதுபோல மேற்கே தலை, கிழக்கே கால் வைத்து மல்லாத்திக் கிடத்திய உடல்கள் பல இருக்கின்றன. உயிர்த்தெழும் நாளில் எழுந்து கிழக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் கிறிஸ்தவர்களை அப்படிக் கிடத்துவது வழக்கம். குரு இல்லாமல், ஜெபப் புத்தகம் இல்லாமல், தன் பிள்ளையும் எழும் என்று நம்பி அந்தத் தகப்பன் இருட்டில் திசை பார்த்து வைத்திருக்கிறான். பெற்றவர்களின் ஆசைக்குக் கிடைத்த உருவம்தான் அந்தப் பெட்டி. அதைப் படிக்கத் திருச்சபைக்குத்தான் இன்னும் நாள் பிடித்தது.

இருபதாம் நூற்றாண்டில் பிரசவம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. பெட்டியும் அப்பாவின் கையிலிருந்து ஆஸ்பத்திரி ஊழியரின் கைக்குப் போயிற்று. பிள்ளையைப் பார்த்தால் தாய் தாங்கமாட்டாள், சீக்கிரம் மறந்து இன்னொன்று பெற்றுக்கொள்ளட்டும் என்று மருத்துவ உலகமும் நம்பிய காலம். டப்ளினின் கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளுக்கென்றே ஒதுக்கிய நிலத்தில் 50,000-க்கும் மேற்பட்ட சிசுக்கள் கிடக்கிறார்கள். பல ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த செத்துப் பிறந்த பிள்ளைகளுக்கு அங்கே பொதுக்குழியில் இடம் கிடைத்தது. மண் கிடைத்தது என்பது பெரிய விஷயம்தான். ஆனால் பெற்றவர்கள் பக்கத்தில் நிற்கவில்லை. தலைமுறை கழித்து முதுமையில் ஒருத்தி வந்து, என் பிள்ளை எந்த வரிசையில் இருக்கிறது என்று கேட்கும் நிலையைத்தான் இந்த ஏற்பாடு உண்டாக்கியது.

தண்ணீர் மட்டுமே பிரச்சினை என்று நினைத்தால் கால்வே மாவட்டத்து டுவாம் நகரம் நம்மைத் திருத்தும். அங்கே கன்னியர் நடத்திய தாய்-சேய் இல்லம் 1925 முதல் 1961 வரை இயங்கியது. மணமாகாமல் கருவுற்ற பெண்களை அனுப்பிவைத்த இடம். உள்ளூர் வரலாற்றாய்வாளர் கேத்தரின் கார்லெஸ் அரசுப் பதிவேடுகளைத் தேடி, அங்கே இறந்த 796 குழந்தைகளின் இறப்புச் சான்றுகளைத் திரட்டினார். பெரும்பாலோரை அடக்கம் செய்த பதிவுகள் இல்லை. 2017-இல் அரசு விசாரணை ஆணையம், கழிவுநீரோடு தொடர்புடையதாகத் தெரியும் நிலத்தடிக் கட்டமைப்பு ஒன்றின் அறைகளில் கணிசமான மனித எலும்புகள் இருப்பதை உறுதிசெய்தது. கருவில் 35 வாரம் ஆன சிசு முதல் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் வரை. 2025-இல் முழு அகழ்வு தொடங்கியது. திருமுழுக்கு கிடைக்கக்கூடிய இடத்திலேயே இது நடந்தது. யாருடைய வயிற்றில் பிறந்தது என்பதைப் பார்த்தே ஒரு பிள்ளைக்குக் கல்லறை மறுக்கப்பட முடியும் என்பதற்கு டுவாம் சாட்சி. லிம்போ ஒரு பிழையான விடையாக இருந்தாலும் பிள்ளையை ஆன்மாவாக எண்ணிப் பிறந்த விடை. டுவாமில் அந்த எண்ணமும் அற்றுப்போயிருந்தது.

சட்டம் கடைசியில் பெட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969-இல் வந்த புதிய அடக்கச் சடங்கு முறையில், திருமுழுக்குக்கு முன் இறந்த குழந்தைக்கான ஜெபங்கள் இடம்பெற்றன. 1983-இன் புதிய சட்டத் தொகுப்பு, 1183-ஆம் விதியின் இரண்டாம் பிரிவில், பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்து, அதற்குமுன் குழந்தை இறந்துவிட்டால், ஆயர் திருச்சபை அடக்கத்துக்கு அனுமதி அளிக்கலாம் என்றது. பெற்றோரின் எண்ணம் கணக்கில் வந்தது. கஜெத்தான் எழுதி அழிக்கப்பட்டதும் லூத்தர் 1542-இல் சொன்னதும் நானூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்து இப்படிச் சட்டப் புத்தகத்தை எட்டின. 1992-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் லிம்போவைப் பேசாமல், அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைத்தது. 2007 ஏப்ரலில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலோடு அனைத்துலக இறையியல் குழு வெளியிட்ட ஆவணம், லிம்போ என்ற கருத்து மீட்பை அளவுக்கு மீறிச் சுருக்கிவிடுகிறது என்றும், அந்தப் பிள்ளைகள் மீட்படைவார்கள் என்று நம்பத் தக்க காரணங்கள் இருக்கின்றன என்றும் சொன்னது.

அயர்லாந்தில் மக்கள் அந்த ஆவணத்துக்காகக் காத்திருக்கவில்லை. அதற்கு முன்பிருந்தே ஊர் ஊராகக் கில்லீன்களில் முள்ளை வெட்டி, வேலி கட்டி, பங்குத்தந்தையை அழைத்துவந்து மந்திரிக்கச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். நினைவுக் கற்கள் நட்டார்கள். தம்பியை, தங்கையை இருட்டில் கொண்டுபோனதைச் சின்ன வயதில் கண்டவர்கள் நரைத்த தலையோடு பட்டப்பகலில் அங்கே திருப்பலிக்கு நின்றார்கள். 1995 ஜனவரி 1 முதல், செத்துப் பிறந்த குழந்தைகளைப் பெயரோடு பதிவுசெய்யும் ஏடு அங்கே நடைமுறைக்கு வந்தது. சட்டத்துக்கு முன்னமே பிறந்திருந்த பிள்ளைகளையும் பதியலாம் என்பதால், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பெயர்களும் எழுத வழி பிறந்தது.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளுக்கும் அதே 1183-ஆம் விதிதான். ஆனால் நம் ஊரில் இன்று ஆபத்து கல்லறைச் சுவரிடமிருந்து வரவில்லை. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, தனித்து உயிர்வாழும் மாதத்தை எட்டாத சிசு உறுப்புக் கழிவுகளோடு சேர்ந்து மஞ்சள் பையில் போக வேண்டியது. தொற்று பரவாமல் காக்க வந்த விதி அது, அதன் தேவை எனக்குப் புரிகிறது. இங்கிலாந்திலும் 2014-இல், பல ஆஸ்பத்திரிகள் கலைந்த கருக்களை மருத்துவக் கழிவோடு எரித்தது வெளியே வந்தபோது, அரசு அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. கில்லீனுக்குப் போன பிள்ளைக்குப் பெட்டியாவது இருந்தது, தூக்கிப் போக ஒரு தகப்பன் இருந்தான். மஞ்சள் பைக்கு இரண்டும் இல்லை.

கருவிலிருக்கும் உயிர் மனித உயிர் என்று மேடையில் பேசும் திருச்சபை, அந்த உயிர் போனபின் அதன் உடலுக்கும் அதே மரியாதையைக் காட்டினால்தான் பேச்சு மெய்யாகும். அதற்கு வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு பெட்டி, ஒரு முழம் மண், பெற்றவர்கள் வைக்க விரும்பினால் ஒரு பெயர், பகல் வெளிச்சத்தில் கூடநிற்க நாலு பேர். கல்லறைத் திருநாளன்று பூவும் மெழுகுவர்த்தியும் வைக்க அந்தத் தாய்க்கு ஓர் இடம் இருக்கும். சட்டம் இதற்கெல்லாம் இடம் கொடுத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. குழந்தையை இழந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் பெண்ணுக்கு விதி எண் தெரிந்திருக்காது, ஆயருக்கு மனு எழுதத் தெம்பும் இருக்காது. அவள் கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பங்குத்தந்தையே அந்தக் கட்டிலருகே போய், பிள்ளையை நம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யலாம் அம்மா, நான் வருகிறேன் என்று முதலில் சொல்ல வேண்டும்.